மழையில் மட்டும் நின்றுபோகும் எம்ஜிபி: ஒரு வெள்ளை வயரின் வழக்கு

பின்னணி

வண்டி 1973இல் பதிவான எம்ஜிபி ரோட்ஸ்டர். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. உரிமையாளர் பர்மிங்காம் அருகே வசிக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வண்டியை வாங்கி பதினோரு வருடம் ஆகிறது. அவருக்கு மூன்றாம் வீட்டுக்காரன் நான். தொழிலில் மின்பொறியாளன், பழைய வண்டி வயரிங் எனக்கு வாரக்கடைசிப் பழக்கம், அவ்வளவுதான். பட்டறைக்காரன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் செய்த இரண்டு தவறுகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

புகார் இதுதான். வீட்டிலிருந்து கிளம்பி இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் எஞ்சின் திடீரென்று அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். வெயில் நாளில் வராது. மழை பெய்தால் பெரும்பாலும் வரும். குளிர்காலத்தில் மழை இல்லாமலும் வந்திருக்கிறது.

மழையில் நிற்கிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஈரம்தான். ஒரு பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள், கண்டென்சர், காயில் என்று தீப்பொறி உண்டாக்கும் பாகங்களை எல்லாம் வரிசையாக மாற்றினார்கள். குணமாகவில்லை. நின்ற சமயத்தில் பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கவில்லை என்று உரிமையாளர் சொன்னதும் அந்தப் பம்ப்பையும் (எஸ்யூ என்ற தயாரிப்பு) புதிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகும் நின்றது. கழற்றிய பழைய சாமான்களை அவர் ஓர் அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். எல்லாமே நல்ல நிலையில்தான் இருந்தன.

இந்த வண்டியின் வயரிங் பற்றிக் கொஞ்சம்

நிறங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் என்ற மின்சாமான் நிறுவனத்தின் வழிவந்த நிற ஒழுங்கு ஒன்றுதான். பிரவுன் வயரில் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் இருக்கும். அதற்கு ஃபியூஸ் கிடையாது. சாவியைத் திருப்பினால் பிரவுனிலிருந்து வெள்ளைக்குக் கரண்ட் வரும். வெள்ளை நேராகக் காயிலுக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் போகும். அதற்கும் ஃபியூஸ் இல்லை. அதே வெள்ளை ஃபியூஸ் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். வைப்பர், ஹீட்டர் மின்விசிறி, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, பெட்ரோல் அளவு காட்டி எல்லாம் பச்சையின் பிள்ளைகள். ஹாரன் ஊதா, சாவி இல்லாமலும் அடிக்கும். ஹெட்லைட் பிரவுனிலிருந்தே சுவிட்ச் வழியாகப் போகிறது, சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பு எர்த்.

லூகாஸ் என்றாலே இருட்டு என்று இங்கே பழைய கார்க்காரர்கள் கேலி பேசுவது வழக்கம். ஐம்பது வருடம் ஓடிய வயரிங்கைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேலியில் சிரிப்பு வருவதில்லை. இந்த வண்டியில் தொழிற்சாலை போட்ட வயர் எதுவும் தானாகப் பழுதாகவில்லை.

முதல் சனிக்கிழமை

வண்டியை என் வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியைப் போட்டு, காயிலின் வெள்ளை முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.2 வோல்ட். பேட்டரியில் 12.5. (இந்த வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும்.) 0.3 வோல்ட் குறைவதைப் பழைய வண்டி என்று விட்டுவிட்டேன். முந்தைய பட்டறையின் ரசீதிலும் ‘காயிலில் 12 வோல்ட் வருகிறது’ என்றே எழுதியிருந்தது. எனவே கரண்ட் சரியாக வருகிறது, பழுது வேறெங்கோ என்று முடிவு கட்டினேன். அன்று முழுக்கப் பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) இடைவெளி, டைமிங், கார்ப்பரேட்டர் என்று நோண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை எஞ்சின் நிற்கவேயில்லை. வெயில் நாள்.

தவறு எங்கே என்று மறுநாள்தான் உறைத்தது. நான் அளந்த நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறந்திருந்தது. பாயிண்ட் திறந்திருந்தால் காயிலில் கரண்ட் ஓடாது. கார்ப்பரேட்டர் நிறைந்துவிட்டதால் பம்ப்பும் துடிக்கவில்லை. ஆக அந்த வயரில் ஏறக்குறைய எந்தச் சுமையும் இல்லை. சுமை இல்லாத வயரின் வழியில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை அளப்பதுபோல. தண்ணீர் ஓடும்போது எவ்வளவு வருகிறது என்பது வேறு கேள்வி.

உரிமையாளர் போகிற போக்கில் சொன்னது

அடுத்த வாரம் அவரைத் தேநீருக்கு உட்காரவைத்து, கடைசியாக வண்டி நின்ற நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மூன்று விஷயம் கிடைத்தது.

ஒன்று, எஞ்சின் நிற்கும் நொடியில் ஆர்பிஎம் காட்டியின் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே. பெட்ரோல் தீர்ந்து நின்றால் முள் எஞ்சினோடு சேர்ந்துதான் மெதுவாக இறங்கும். இந்த ஆண்டு வண்டியில் அந்தக் காட்டி இக்னிஷன் துடிப்பைக் கொண்டு வேலை செய்வது. முள் முதலில் விழுகிறது என்றால் போனது பெட்ரோல் அல்ல, கரண்ட்.

இரண்டு, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் அடித்தது.

மூன்றாவதை அவர் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். “வைப்பர் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிட்டது, வெளியே ஒன்றும் தெரியவில்லை” என்றார். எஞ்சின் அணைந்தாலும் சாவி போட்டிருக்கும்வரை வைப்பர் ஓட வேண்டும். காயில், பம்ப், வைப்பர் மூன்றும் ஒன்றாகச் செத்திருக்கின்றன. ஹெட்லைட்டும் ஹாரனும் உயிரோடு இருந்திருக்கின்றன. அப்படியானால் பழுது காயிலுக்குப் பக்கத்திலும் இல்லை, பம்ப்பிலும் இல்லை. வெள்ளை பிரிவதற்கு முன்னால், பிரவுனிலிருந்து வெள்ளை பிறக்கும் இடத்துக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது.

மழைக்கும் அர்த்தம் கிடைத்தது. மழை வந்தால் வைப்பர் போடுவார், கண்ணாடியில் ஆவி படியாமல் ஹீட்டர் விசிறியும் போடுவார். இரண்டும் அதே வெள்ளை வயர் வழியாகத்தான் கரண்ட் இழுக்கின்றன. குளிர்காலத்தில் விசிறி எப்போதும் ஓடும். ஈரம் இதில் குற்றவாளியே அல்ல.

சுமையோடு அளந்தபோது

இந்த முறை எஞ்சினைக் கையால் சுற்றிப் பாயிண்ட் மூடிய நிலையில் நிறுத்தினேன். ஃபியூஸ் பெட்டியின் வெள்ளை முனையில் 12.2 ஆக இருந்தது 11.4க்கு இறங்கியது. காயிலின் மின்தடை சுமார் 3 ஓம். அது ஒன்றே கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுக்கிறது. வைப்பரையும் விசிறியையும் போட்டதும் 10.1. பக்கத்திலேயே உள்ள பிரவுன் முனையில் 12க்கு மேல் நின்றது.

பாயிண்ட் மூடிய காயிலில் நீண்ட நேரம் கரண்ட் விட்டால் காயில் சூடாகிக் கெடும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, அல்டர்னேட்டரின் பின்பக்கச் செருகியைக் கழற்றி வைத்து, பேட்டரியிலிருந்து மட்டும் கரண்ட் போகும்படி செய்து, வைப்பர், விசிறி போட்டு இருபது நிமிடம் காத்திருந்தேன். (செருகியை எஞ்சின் அணைந்திருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். அதில் வரும் பிரவுன் வயர் பேட்டரியோடு நேராக இணைந்தது, ஃபியூஸும் இல்லை. டேப் சுற்றி ஒதுக்கி வைத்தேன்.) வெள்ளை முனையில் 8.6 வோல்ட்டுக்கு வந்தபோது எஞ்சின் தடுமாறத் தொடங்கியது. அந்த நேரத்தில் பாதையைத் துண்டு துண்டாக அளந்தேன். மீட்டரின் ஒரு முனை துண்டின் ஆரம்பத்தில், மறுமுனை முடிவில். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச்வரை இழப்பு 0.4 வோல்ட். சுவிட்சுக்குள் 0.2. சுவிட்சிலிருந்து ஃபியூஸ் பெட்டிவரை 3.1.

ஒரு மீட்டர்கூட இல்லாத வெள்ளை வயரில் 3.1 வோல்ட் போகிறது. அப்போது ஓடிய கரண்ட் சுமார் 8 ஆம்பியர் என்றால், அந்த இடத்தில் 25 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயனை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருபது நிமிடம் எரியவிட்டதற்குச் சமம். சூடானால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடாகும், கடைசியில் இணைப்பு கைவிட்டுவிடும். ஆறினால் திரும்பவும் தொட்டுக்கொள்ளும். பத்து நிமிடக் காத்திருப்பின் ரகசியம் இதுதான்.

எர்த் பக்கத்தையும் இதேபோல அளந்தேன். எஞ்சினுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட். குறை இல்லை.

டேஷ்போர்டுக்குப் பின்னால்

பேட்டரியைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் எடுத்து வைத்துவிட்டு, ஸ்டியரிங் தண்டுக்கு மேலே வயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் டேப் வேறு மாதிரி இருந்தது. தொழிற்சாலை டேப் பசையில்லாதது. இது பசையுள்ள கறுப்பு டேப், தொட்டால் கையில் ஒட்டியது. பிரித்ததும் கருகிய பிளாஸ்டிக் வாடை.

எப்போதோ இந்த வண்டியில் திருட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். திருடன் சாவியைத் திருப்பினாலும் காயிலுக்குக் கரண்ட் போகாதபடி வெள்ளை வயரை வெட்டி, நடுவில் ரிலேயை (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) புகுத்தியிருக்கிறார்கள். பின்னால் வந்த யாரோ கருவியைக் கழற்றியபோது, வெட்டிய இரு முனைகளையும் ஒரு மெல்லிய துண்டு வயரால் இணைத்து, இரண்டு பக்கமும் சிவப்புக் கவ்வி போட்டு விட்டிருக்கிறார்கள். வயரைச் சீவாமல் அதன்மேல் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டு செம்பைத் தொடும், அந்த வகைக் கவ்வி. சிவப்பு மெல்லிய வயருக்கானது. இங்கே இருந்த வெள்ளை வயர் 2 சதுர மி.மீ., 28 இழைகள் கொண்டது. தகடு வயரைக் கடித்ததோடு நிற்காமல் வெட்டியும் விட்டது. எண்ணிப் பார்த்தேன்: ஒரு பக்கத்தில் ஒன்பது இழைதான் மிச்சம். மற்றவை பச்சை பூத்து முறிந்திருந்தன.

எடுத்த முடிவும் காரணமும்

உரிமையாளர் முழு வயரிங்கையும் புதிதாக மாற்றிவிடலாம் என்றார். பதினோரு வருடக் கசப்பு அப்படிப் பேசவைத்தது. நியாயமும் உண்டு, இந்த வண்டிக்கு அச்சு அசலான புது வயர்க்கட்டு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. நான் வேண்டாம் என்றேன். பழைய வயரை நான்கு இடத்தில் மடக்கிப் பார்த்ததில் இன்சுலேஷன் மிருதுவாக இருந்தது, வெடிப்பில்லை. முழுதாக மாற்றினால் நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைக் கழற்றி மாட்ட வேண்டும். நல்ல இணைப்பு எது, நான் புதிதாகக் கெடுத்தது எது என்று பிறகு பிரிக்க முடியாது. கெட்டுப்போனது மனிதக் கை பட்ட ஓரிடம். அதைச் சரிசெய்தால் போதும் என்பது என் வாதம்.

கருகிய பகுதியை இரு பக்கமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, அதே 28 இழை வெள்ளை வயர்த் துண்டு வைத்து, இந்த வண்டிகளுக்கே உரிய 4.7 மி.மீ. தோட்டா வடிவ முனைகளை அழுத்தி, புது ரப்பர் உறையில் செருகினேன். சால்டர் செய்யவில்லை. சால்டர் ஊறிய இடம் கம்பிபோல விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியும்.

ஃபியூஸ் பெட்டியையும் அன்றே பார்த்தேன். பச்சைக்கு 35 என்று போட்ட கண்ணாடி ஃபியூஸ் இருந்தது. எண் சரி, ஆனால் பொருள் தவறு. பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று பொதுக் கடைகளில் கிடைக்கும் பல ஃபியூஸ்களில் 35 என்றால் தொடர்ந்து 35 தாங்கும். வயருக்குக் காவலாக இருக்க வேண்டியது வயரைவிட வலுவாக நிற்கிறது. சரியானதைப் போட்டேன்.

மறுபடி அதே சோதனை: எல்லாச் சுமையோடும் சுவிட்சுக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவே 0.1 வோல்ட். மழை நாளாகப் பார்த்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் விளக்கு எதுவும் வேலை செய்யவில்லை என்று உரிமையாளர் தொலைபேசியில் சொன்னார். பச்சை ஃபியூஸ் எரிந்திருந்தது. குரலில் கொஞ்சம் மனத்தாங்கல். நான் கைவைக்கும்வரை இந்த ஃபியூஸ் ஒருநாளும் எரிந்ததில்லை. எப்போது எரிந்தது என்று கேட்டேன். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது. ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பும் எஞ்சின் சில நேரம் இருமி நின்றிருக்கிறதாம்; தன் கிளட்ச் கால்தான் சரியில்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

புது ஃபியூஸ் போட்டுப் பார்க்காமல், ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தேன். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், ஆனாலும் 2 ஆம்பியர்கூட ஓடாது, வயர் பிழைக்கும். ரிவர்ஸ் பல்புகளைக் கழற்றி, வைப்பர், விசிறி எல்லாம் அணைத்து, சாவி போட்டு ரிவர்ஸ் கியரில் தள்ளினேன். பல்பு எரியவில்லை. எஞ்சினைக் கையால் பக்கவாட்டில் ஆட்டியதும் மினுக்கியது.

ரிவர்ஸ் விளக்குக்கான சுவிட்ச் கியர்பாக்ஸில் இருக்கிறது. அங்கிருந்து வரும் பச்சை-பிரவுன் வயர் கிளிப்பிலிருந்து கழன்று கியர்பாக்ஸ் விளிம்பில் படிந்து கிடந்தது. ரிவர்ஸில் வண்டி நகரும்போது எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் எதிர்ப்பக்கம் சாயும். அப்போது வயர் நசுங்கி உலோகத்தைத் தொடும். ஒரு சாண் நீளத்துக்கு இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தது. அந்த ஷார்ட் பல வருடம் பழையது.

அப்படியானால் முன்பு ஏன் ஃபியூஸ் எரியவில்லை? கெட்டுப்போன வெள்ளை இணைப்பே அதற்குக் காவல். அதன் தடை குளிர்ந்த நிலையில் கால் ஓம். மீதிப் பாதையின் தடையையும் சேர்த்தால், ஷார்ட் ஆனாலும் 40 ஆம்பியருக்குமேல் போக வழியில்லை. தொடர்ந்து 35 தாங்கும் ஃபியூஸ் அதை ஓரிரு நொடி பொறுத்துக்கொண்டது. வெள்ளையின் வோல்ட் விழுந்து எஞ்சின்தான் இருமியது. ஒவ்வொரு முறையும் அந்த 40 ஆம்பியர் கவ்வியையும் கொஞ்சம் தின்றிருக்கும். நான் இணைப்பையும் ஃபியூஸையும் சரிசெய்ததும், ஃபியூஸ் முதன்முறையாகத் தன் வேலையைச் செய்தது.

வயரை மாற்றி, உறை போட்டு, கிளிப்பில் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. உரிமையாளரிடம் இதை விளக்க அதைவிட அதிக நேரம் ஆனது.

இனி மாற்றிக்கொள்வது

முதல் சனிக்கிழமை வீணானதற்கு மீட்டர் காரணமில்லை. காயிலில் அளக்கும்போது பாயிண்ட் மூடியிருக்கிறதா என்று இனி முதலில் பார்ப்பேன். கருவியை எடுக்கும் முன் உரிமையாளரைப் பேசவிடுவேன். எது நின்றது என்பதோடு எது நிற்கவில்லை என்பதையும் கேட்பேன். ‘என் கால் சரியில்லை’ என்று அவர்களே தள்ளிவைத்த சங்கதிகளையும் சேர்த்து.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அளவு தவறிய ஃபியூஸைக் கண்டபோது, அது இத்தனை வருடம் எதை மறைத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அன்றே பச்சையின் ஒவ்வொரு கிளையையும் பல்பு வைத்துச் சோதித்திருந்தால், நடுச்சாலையில் பிரேக் விளக்கு இல்லாமல் ஓட்டும் நிலையை அவருக்கு உண்டாக்கியிருக்க மாட்டேன். நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு பிரிட்டனில் 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இந்த வண்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேறு கண்கள் இல்லை.

இப்போது

இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. எஞ்சின் வழியில் நின்றதில்லை. பச்சை ஃபியூஸ் அதே ஃபியூஸ். கழற்றிய பழைய எஸ்யூ பம்ப் உதிரியாக டிக்கியில் கிடக்கிறது. வேலை முடிக்கும்போது ஊதா வயரில் இன்னொரு சிவப்புக் கவ்வி கண்ணில் பட்டது. எப்போதோ இருந்த ரேடியோவுக்கு எடுத்த கிளை. அதில் இப்போது சுமை எதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அதையும் பிரிப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.